எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிரான்சிலிருந்து வந்திருக்கிறாய், ஏதாவது பயனுள்ளதாகப் பேசு" என்றார் சங்கச் செயலாளர். நான் பேசப்போவது அம்பைப் பற்றி. சிரிக்காதீங்க. பௌதிகத்தில் நான் உண்மையாகச் செய்த ஒரே சோதனை அதுதான். இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் செய்ததெல்லாம் வேறு வகை. அதற்கும் வருகிறேன்.

எங்கள் தாத்தா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாயங்காலமானால் பெத்தாங் குண்டு எறியப் போய்விடுவார். அந்த வழியில் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. படிப்பு முடிந்ததும் நானும் கப்பலேறாத குறையாகப் போய்ச் சேர்ந்தேன். வேலை கிடைத்த ஊர் ஓர்லேயானுக்குத் தெற்கே, சொலோன் என்ற காட்டுப் பகுதிக்குப் பக்கம். அங்கே காட்டுப்பன்றி அதிகம். மக்காச்சோளக் கொல்லையில் ஒரு ராத்திரி புகுந்தால் காலையில் உழுதுபோட்ட மாதிரி இருக்கும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற பேச்சே இல்லை. பிரான்சில் உரிமம் உண்டு. 1995இலிருந்து வில்லால் வேட்டையாடவும் அனுமதி உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி. ஒவ்வொரு அம்பிலும் உங்கள் உரிம எண்ணை எழுதியாக வேண்டும். எங்கே போய் விழுந்தாலும் அது யாருடைய அம்பு என்று தெரிந்துவிடும்.

நான் வாங்கியது காம்பவுண்ட் வில். 1960களில் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஆலன் என்பவர் கண்டுபிடித்து, 1969இல் காப்புரிமை பெற்றது. இரண்டு முனையிலும் மையம் விலகிய சக்கரங்கள். நாணை முழுக்க இழுத்த பிறகு கையில் தாங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். அம்பு வினாடிக்கு ஏறக்குறைய 80 மீட்டர் வேகத்தில் போகும். 20 மீட்டர் தூரம் என்றால் கால் வினாடி.

கோடை முழுவதும் பயிற்சி செய்தேன். பயிற்சி அம்பின் முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி வழவழப்பாக இருக்கும். 20 மீட்டரில் ஒரு பெரிய நாணயத்துக்குள் அடிக்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் நாள், பயிற்சி முனைகளைக் கழற்றிவிட்டு பிளேடு முனைகளை மாட்டினேன். மடங்காத, நிலையான மூன்று அலகுகள், சவரக் கத்தி போலக் கூர்மை. இதுவும் நூறு கிரெய்ன், அதாவது ஆறரை கிராம். அதுவும் நூறு கிரெய்ன். எடை ஒன்றுதானே, இரண்டும் ஒரே மாதிரிதான் போகும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு அம்புகூட எய்து பார்க்கவில்லை.

அன்று மாலை ஒரு பன்றி வந்தது. பதினெட்டு மீட்டர் இருக்கும். எய்தேன். நெஞ்சுக்குக் குறி வைத்த அம்பு வயிற்றில் பட்டது. ஓடிவிட்டது. இரத்தத் தடம் பார்க்கும் நாயை வரவழைத்தோம். நடுநிசி வரை தேடினோம், மறுநாளும் தேடினோம். கிடைக்கவே இல்லை. வயிற்றில் அடிபட்ட மிருகம் சட்டென்று சாகாது. அது எனக்குத் தெரியும், கூட வந்தவர்களுக்கும் தெரியும். யாரும் என்னிடம் பேசவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "பாவம்டா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"பிளேடு முனை சரியில்லை, வேறு கம்பெனி வாங்க வேண்டும்" என்றேன் மன்றத்தில். அங்கே எழுபது வயது தாண்டிய ஒருவர், "முனையைத் திட்டுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்த்தாயா?" என்றார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டி சொல்வதைத்தான் அவர் பிரெஞ்சில் சொன்னார்.

கேட்டுப் பார்த்தேன். அதுதான் சோதனை.

முதலில் ஒவ்வொரு அம்பையும் முனையில் நிறுத்திப் பம்பரம் மாதிரிச் சுழற்றினேன். முனை கோணலாக இருந்தால் தண்டு தள்ளாடும். பிறகு ஆறு அம்புகளுக்கும் எண் போட்டேன். தெர்மோகோல் போன்ற கெட்டி நுரை இலக்கில் தனித்தனிப் புள்ளிகள், ஒரு புள்ளிக்கு ஒரே அம்பு. இல்லையென்றால் பின்னால் வருவது முன்னால் போனதை வெட்டிவிடும். ஒரு பயிற்சி முனை, ஒரு பிளேடு முனை என்று மாற்றி மாற்றி எய்தேன். எல்லாப் பிளேடையும் கடைசியில் வைத்துக்கொண்டால், கை சோர்ந்த குற்றம் பிளேடின் தலையில் விழும். புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதினேன்.

இரண்டாம் நாள் ஒன்று மிக மோசமாகப் போனது. "கை நழுவிவிட்டது, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று அடிக்கப் போனேன். அப்போதுதான் இந்தக் கல்லூரியின் பௌதிக லேப் நினைவுக்கு வந்தது.

தனி ஊசல் சோதனை. 'ஜி'யின் மதிப்பு 9.8 வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவோம். (பின் வரிசையில் சிரிப்பவர்களுக்கு நான் சொல்வது புரிகிறது.) ஒரு நாள் எங்கள் ஆசிரியர் என் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதினார்: "இது நீ எடுத்த ரீடிங்கா, எடுத்திருக்க வேண்டிய ரீடிங்கா?" அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மோசமான அந்த ரீடிங்கை அடிக்காமல் விட்டேன்.

ஒரு வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. நாலாம் எண் அம்பு எப்போதும் தனி வழி போனது. அதில் முனை கோணல், ஒதுக்கினேன். மற்ற ஐந்தும் பயிற்சி முனைகளுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே விழுந்தன. மாணவர்கள் இதைக் கவனியுங்கள். சிதறுவது வேறு, எல்லாம் சேர்ந்து விலகுவது வேறு. சேர்ந்து விலகினால் அதற்கு ஒரே காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

காரணம் வில்லில் இருந்தது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட் மயிரிழை தள்ளி இருந்ததால் அம்பு சற்றே சாய்ந்து கிளம்பியது. வழவழப்பான முனையில் அது தெரியாது. வால் இறகுகள் நேராக்கிவிடும். பிளேடு முனையோ முன்பக்கத்து இறகு. வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் துடுப்புப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் வலித்தால் என்ன ஆகும்? அதுதான் கதை. ரெஸ்ட்டை வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தினேன். இரண்டு கூட்டமும் நெருங்கின. இன்னும் கொஞ்சம் நகர்த்தியதும் ஒன்றாகிவிட்டன.

அடிக்காமல் விட்ட அந்த ரீடிங்? அதே மாதிரி இன்னும் நாலைந்து வந்தன. எல்லாம் நான் வில்லின் பிடியை இறுக்கிப் பிடித்த நேரங்கள். கை நழுவவில்லை, என் கை அப்படித்தான். காற்று வீசும் நாளில் 30 மீட்டரில் பிளேடுகள் அதிகம் சிதறின. அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: 15 மீட்டருக்கு மேல் எய்வதில்லை, காற்றடித்தால் வில்லை எடுப்பதில்லை. அந்தப் பருவத்தில் பல நாள் வெறுங்கையோடு திரும்பினேன்.

நம் ஆட்களுக்கு வில் புதிதல்ல. கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லுக்கான ஐந்து தங்கத்தையும் இந்தியாவே அள்ளியது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக அது நுழைகிறது. நம் மாணவர்களில் யாராவது முயன்று பார்க்கலாம். அங்கே பிளேடு முனை கிடையாது, பன்றியும் கிடையாது.

என்னைப் பொறுத்தவரை, அந்த ஒரு பன்றி போனது போனதுதான். எத்தனை சோதனை செய்தாலும் அது திரும்பி வராது. சோதனையை முந்தின நாள் செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை.

அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. எழுதிய ஆசிரியர் இன்று இந்த அரங்கில் இல்லை. இருந்திருந்தால், ஐயா, அது நான் எடுக்காத ரீடிங்தான் என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.