மன்னிப்பின் மொழி



கவிஞர் கூடிய அவையில் சட்டமியற்றிய ஒருவரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். நான் பேச வந்ததும் சொல்லைப் பற்றித்தான்.

டேனியல் அகாகா 1924-இல் ஹொனலுலுவில் பிறந்தவர். ஹவாய்ப் பூர்வகுடி வழியினர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றித் திரும்பினார். முன்னாள் படைவீரர்க்கான உதவிச் சட்டத்தால் பல்கலைக்கழகக் கல்வி பெற்று, ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் விளங்கினார். 1977-இல் பிரதிநிதிகள் அவைக்கும் 1990-இல் செனட் அவைக்கும் சென்றார். செனட்டில் அமர்ந்த முதல் ஹவாய்ப் பூர்வகுடியினர் அவரே.

பெற்ற உதவியை அவர் மறக்கவில்லை. படைவீரர் நலக் குழுவின் தலைவராய் இருந்தபோது, 2008-இல் படைவீரர்க்கான புதிய கல்வி உதவிச் சட்டம் நிறைவேறத் துணைநின்றார். 1996-இல் அவர் எடுத்த முயற்சியால் ஆசிய வழிவந்த வீரர்களின் பழைய போர்ப் பதிவுகள் மீண்டும் ஆராயப்பெற்றன. 2000-இல் 22 பேருக்கு நாட்டின் உச்ச வீரப் பதக்கம் கிட்டியது. அவருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர் என்பதுதான் வருத்தம்.

நம்மைப் போன்றோர் ஊன்றிக் கற்க வேண்டியது 1993-ஆம் ஆண்டுத் தீர்மானம். 1893 ஜனவரியில் அமெரிக்கத் தூதரின் துணையோடும் கடற்படை வீரர்களின் நிழலிலும் அரசி லிலியுவோகலானி வீழ்த்தப்பட்டார். 1896-இல் ஆங்கிலமே பள்ளிமொழி எனச் சட்டம் வந்தது. ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. தாய்மொழியைக் கற்பிப்பவள் என்ற முறையில் இவ்வரியை என்னால் எளிதில் கடக்க இயலவில்லை. நூறாண்டு கழித்து, அகாகா கொண்டுவந்த தீர்மானம் நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. செனட்டில் ஆதரவு 65, எதிர்ப்பு 34. அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்டார்.

அம்மன்னிப்பின் வலிமை நிலவழக்கு ஒன்றில் சோதிக்கப்பட்டது. பழைய அரசுரிமை நிலங்களை மாநில அரசு விற்கலாகாது என ஹவாய் உயர்மன்றம் இத்தீர்மானத்தைக் காட்டித் தடுத்தது. 2009-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதனை ஒருமனதாக மாற்றியது. தீர்மானத்தின் 37 முன்னுரைக் கூறுகளும் உரிமை எதனையும் படைக்கவில்லை. ஒப்புக்கொள்ளல், மன்னிப்புக் கோரல் ஆகிய வினைகள் இணக்கம் நாடுபவை, கட்டளையிடுபவை அல்ல என்றது. பாயிரத்தை நூலுக்கு இன்றியமையாததாகக் கொண்ட நம் இலக்கண மரபில் வந்தவர்க்கு இத்தீர்ப்பு விந்தையாகவே படும்.

வினையைக் கட்டளையாக்கவே அகாகா 2000 முதல் போராடினார். ஹவாய்ப் பூர்வகுடியினர் தமக்கெனத் தன்னாட்சி அமைக்க வழிசெய்யும் அம்மசோதா அவர் பெயராலேயே வழங்கிற்று. 2006-இல் விவாதத்திற்கு எடுக்கவே 60 வாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தவை 56. இழந்தது முழு நாடு, நீர் தருவதோ பழங்குடித் தகுதி என்று அவர்தம் இனத்தவருள்ளும் சிலர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் இரவல் கூரையேனும் வேண்டும் என்று நின்றவரை நான் குறைகூற மாட்டேன்.

மசோதா நிறைவேறாமலே 2013 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். 2016-இல் உள்துறை அத்தகைய அரசொன்றோடு உறவு கொள்வதற்கான விதிகளை வகுத்தது. 2018 ஏப்ரலில் தம் 93-ஆம் அகவையில் அவர் மறைந்தபோது அவ்விதிகளின்படி எந்த அரசும் அமைந்திருக்கவில்லை.