வாசலுக்கு முதல் வேலை கான்



7 பேர்ச் காணியில் வீடு வந்துவிட்டது. இனி வாசலைக் குறைந்த செலவில் ஒழுங்காக்க வேண்டும். பூச்சட்டி, சீமெந்து எல்லாம் பிறகு. முதலில் கான். மலையில் கான் வெட்டிய நமக்கு இது புதிதா? மழை பெய்யும்போதே வெளியில் நின்று தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்து, வீட்டுக்கு மேலேயே திருப்பிப் பொதுக்கானில் சேர்ப்போம்.

இடம் கூட்டுவதற்காகப் பின்பக்க மேட்டின் அடியை வெட்டவே வேண்டாம். அடி போனால் மேடு குசினிக்குள் வரும். சரிவுக்குக் குறுக்கே அரை அடிக்கொன்றாக வெட்டிவேர் நடுவோம். ஒரு தூரைப் பிரித்தாலே பல கன்று, காசில்லை.

உறுதி கைக்கு வரட்டும் என்கிறோம் சிலர். உறுதியை விடாமல் கேட்போம். மழை அதுவரை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள். மேல்வரிசை வீடுகளில் தொடங்குவோம். அங்கிருந்து வரும் தண்ணீர்தான் கீழ்வீட்டுச் சுவரில் அடிக்கிறது.