நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவது யார்?



நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுக் குதிரைகள் என்கிறோம். அவை காட்டிலே தோன்றியவையா? இல்லை. போர்த்துக்கேயர் கப்பலேற்றிக் கொணர்ந்தவை எனக் கூறப்படும் குதிரைகளின் வழிவந்தவை அவை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அத்தீவிலே குதிரை வளர்த்தனர். தேவை தீர்ந்தது, ஆட்சி போயிற்று, குதிரைகள் எஞ்சின.

நெடுந்தீவு முருகைக்கற் பூமி; அங்கு ஆறு கிடையாது. மாரி பொய்த்தால் கோடையிலே குளமும் துரவும் வற்றிவிடும். கிணறுகள் பலவற்றில் உவர்நீரே ஊறும். தாகத்தாற் குதிரைகள் மடிந்த செய்தியைப் பலமுறை படித்துவிட்டோம். பெருநிலத்து விலங்காயின் நீர் தேடி வேறிடம் செல்லும். இவை எங்கே செல்லும்? நாற்புறமும் கடலன்றோ!

கமக்காரப் பெருமக்களே! மாட்டைக் கட்டியவனே அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது நீங்கள் அறிந்த அறம். இங்கே கடலே கயிறு. கட்டியவர் போய்விட்டார், அவர் ஆட்சிக்கு வாரிசாக வந்த அரசு இருக்கிறது. 2015ஆம் ஆண்டிலே தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்ததும் அவ்வரசே. உரிமை கொண்டாடுவோர்க்குக் கடமை இல்லையா? தன் மாட்டுக்கே நீரின்றித் தவிக்கும் தீவுக் கமக்காரன் தலையில் அதனைச் சுமத்துவது நீதியாகுமா?

வர்த்தமானி அறிவித்தல் தாகந் தீர்க்காது. மாரிக்கு முன்னரே குளங்களைத் தூர்வாருக! கோடையிலே தொட்டிகளில் நன்னீர் நிரப்புக! செலவை வனசீவராசிகள் திணைக்களம் ஏற்கட்டும். வாயில்லாச் சீவன்களுக்காக இதனை நாம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!