பொரித்த குஞ்சுகளை எண்ணினால் போதுமா?

கோழிப் பண்ணையாயினும் முதலைப் பண்ணையாயினும், ஆண்டு முடிவில் மேலிடத்திற்குச் செல்லும் அறிக்கையில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறும். அடைவைத்த முட்டைகள் எத்தனை, பொரித்த குஞ்சுகள் எத்தனை என்பனவே அவை. இவ்விரண்டின் விகிதமே பொரிப்பு வீதம். அது உயர்ந்திருந்தால் பணி செவ்வனே நடைபெற்றது என்று கொள்ளப்படுகிறது. கோழியைப் பொறுத்தமட்டில் இந்த அளவுகோல் பெரும்பாலும் போதுமானதே. ஆனால் ஆமைக்கும் முதலைக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்தும்போது பாதிச் செய்திதான் கிடைக்கிறது. மீதிப் பாதி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படும். கால்நடைத் துறையினரும் வனத் துறையினரும் மாணவர்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவையில் இவ்வேறுபாட்டைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

முதலில் கோழி. அதன் முட்டை 21 நாட்களில் பொரிக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. காற்று சுழலும் அடைகாப்புக் கருவியில் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸுக்கும் 37.8 டிகிரிக்கும் இடையே நிறுத்தப்பெறுகிறது. இதனின்று ஒரு டிகிரி குறைந்தால் பொரிப்பு தாமதமாகும். ஒரு டிகிரி மிகுந்து அது நீடித்தால் கரு இறக்கும். குளிர்ச்சியைவிட மிகை வெப்பத்திற்கே கரு அதிகம் அஞ்சுகிறது எனலாம். மேலும், அடைகாப்பின் பிற்பகுதியில் கரு தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. ஆதலின் தொடக்கத்தில் முட்டைக்குச் சூடு அளிக்கும் பெரிய கருவிகள், இறுதி வாரத்தில் அதனைக் குளிர்விக்கும் வேலையையே செய்ய வேண்டியிருக்கிறது. இதனை அறியாத புதிய பணியாளர் வெப்பமானியை மட்டும் நம்பி இருந்துவிடுவதுண்டு.

அடைவைப்பதற்கு முன்னரே முட்டை கெட்டுவிடுவதும் உண்டு. சுமார் 21 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின்னர் மடிகிறது. கோடைக் காலத்தில் சிற்றூர்களில் அடைக்கோழிக்கு வைக்கும் முட்டைகளில் கூமுட்டைகள் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டைகளை ஈரமணல் சட்டியில் வைத்துக் காக்கும் வழக்கம், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இக்குறைக்கு எளிய மாற்று. எவ்வாறு காத்தாலும் ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டையின் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும்.

வெப்பத்திற்கு அடுத்தது ஈரம். முட்டையோடு திண்மையான சுவரன்று. அதில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் உள்ளன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரான் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1970-களில் செய்த அளவீடுகளின்படி, ஒரு கோழி முட்டை 21 நாட்களில் சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்வாங்கி, 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகிறது. வெளியேறும் இந்த நீர், முட்டையின் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அது வெளியேறியே தீர வேண்டும். அவ்விடத்தில்தான் காற்றறை பெரிதாகிறது. பொரிப்பதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை எடுப்பது அந்தக் காற்றறையிலிருந்துதான். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதிப்போய் ஓட்டுக்குள்ளேயே திணறும். ஈரம் குறைந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆதலாலேயே முதல் 18 நாட்களில் 55 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் ஈரப்பதம், கடைசி மூன்று நாட்களில் 65 விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தப்பெறுகிறது.

காற்றின் பங்கை அறிய லே நகரத்தை நினைத்தால் போதும். கடல்மட்டத்திற்குச் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. சமவெளிக் கோழியின் முட்டையை அங்குக் கொண்டுசென்று அடைவைத்தால், வெப்பமும் ஈரமும் சரியாக இருந்தும் பொரிப்பு வெகுவாகக் குறையும். மெல்லிய காற்றில் முட்டையின் நீரும் விரைந்து வெளியேறுவதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

நான்காவது தேவை அசைவு. அடைக்கோழி தன் முட்டைகளை நாள்தோறும் பன்முறை அலகால் புரட்டுகிறது. பொரிப்பகங்களில் மணிக்கொரு முறை தட்டுகள் இருபுறமும் 45 டிகிரி சாய்க்கப்பெறுகின்றன. புரட்டாவிடில் கரு ஓட்டின் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்; வெண்கருவை உறிஞ்சி வளரவும் இயலாது. 18-ஆம் நாளுக்குப் பின்னர் புரட்டுவதை நிறுத்திவிடலாம். இவ்வாறு வெப்பம், ஈரம், காற்று, அசைவு எனும் நான்கும் ஒழுங்குபட்டால் கோழியிடம் வேறு கேள்வி எழாது. குஞ்சு பெட்டையா சேவலா என்பது முட்டை இடப்படுவதற்கு முன்னரே நிறப்புரிகளால் முடிவாகிவிடுகிறது. நீண்ட முட்டையில் சேவலும் உருண்ட முட்டையில் பெட்டையும் பிறக்கும் எனும் பழைய நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

பறவையெல்லாம் உட்கார்ந்து அடைகாக்கும், ஊர்வனவெல்லாம் முட்டையிட்டு விட்டுச் செல்லும் என்று பாகுபடுத்துவதும் முற்றும் சரியன்று. நிக்கோபார் தீவுகளின் கடற்கரைக் காடுகளில் வாழும் மெகாபோட் என்னும் பறவை, மணலும் மண்ணும் இலைகுப்பையும் குவித்து மேடு எழுப்பி, அதனுள் முட்டைகளைப் புதைக்கிறது. அழுகும் இலைகளின் சூடே அடைகாக்கிறது. முட்டையைப் புரட்டுவார் இல்லை. குஞ்சு மண்ணைத் துளைத்துத் தானே மேலேறித் தன் வழியே செல்கிறது. தாய் முகத்தை அது காண்பதில்லை. 26 டிசம்பர் 2004 அன்று வந்த ஆழிப்பேரலை, கரையோரத்திலிருந்த இம்மேடுகளுள் மிகப் பலவற்றை அழித்தது. மெகாபோட் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியத் தூரிகை வான்கோழியில் மேட்டின் வெப்பநிலைக்கேற்பப் பொரிக்கும் ஆண், பெண் விகிதம் மாறுவது 2005-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அங்கும் பால் மாறுவதில்லை. ஒரு பாலின் கருக்கள் அதிகம் மடிகின்றன, அவ்வளவே.

மறுபுறம் மலைப்பாம்பு. பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைந்து இரண்டு மாத அளவு கிடந்து, தசைகளை இடைவிடாது துடிக்கச் செய்து சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி மிகுந்த சூட்டை உண்டாக்குகிறது. இந்தியாவில் இதனைக் கண்ட பிரெஞ்சு இயற்கையாளர் லமார்-பிகோ 1830-களில் பாரிஸ் அறிஞர்களிடம் கூறியபோது, குளிர்இரத்த உயிர் அடைகாக்குமா என்று அவர்கள் ஏற்க மறுத்தனர். 1841-இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்திலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாக்க, வெப்பமானி வைத்துப் பார்த்த பின்னரே நம்பினர்.

இனி ஆமையும் முதலையும். கோழிப் பண்ணை அறிவை அப்படியே எடுத்துச் சென்றால் கேடு விளையும் இடம் இது. கோழி முட்டையில் மஞ்சள்கருவைத் தாங்கும் திருகு நூல்கள் உள்ளன. ஊர்வனவற்றின் முட்டையில் அவை இல்லை. முட்டை இடப்பட்ட சில மணி நேரங்களில் கரு மேற்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் பின் முட்டையைப் புரட்டினால் அந்த ஒட்டு கிழிந்து கரு இறக்கும். கோழிக்கு உயிர் தருவதே ஆமைக்கு உயிர் போக்குகிறது. ஆதலின் கடற்கரையில் இரவில் எடுக்கும் ஆமை முட்டைகளை இரண்டு மணி நேரத்திற்குள், மிஞ்சினால் ஆறு மணி நேரத்திற்குள் மறுபடி புதைத்துவிட வேண்டும். முதலை முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுக்கும்போது மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே பக்கம் மேலே இருக்குமாறு பெட்டியில் அடுக்குவர். இந்தியாவில் 1975-இல் முதலைக் காப்புத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, ஆற்று மணல்திட்டுகளிலிருந்து கரியால் முதலையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் காப்பதே முதன்மைப் பணியாக இருந்தது. அப்போது அவ்வினத்தின் மொத்தத் தொகை 200-க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது; ஒவ்வொரு முட்டையும் அரிது.

ஆயினும் முட்டை பொரித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 1966-இல் மடலேன் ஷார்னியே எனும் பிரெஞ்சு அம்மையார், செனெகல் நாட்டு ஓணான் வகை ஒன்றில், அடைகாக்கும் வெப்பநிலையே குஞ்சின் பாலை முடிவு செய்கிறது என்று கண்டறிந்தார். பின்னர் முதலைகள் அனைத்திலும் ஆமைகள் பலவற்றிலும் இவ்வாறே என்பது உறுதியாயிற்று. அடைகாலத்தை மூன்றாகப் பகுத்தால், நடுப்பகுதியின் வெப்பநிலையே இதனை முடிவு செய்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலையின் முட்டைகளைக் கொண்டு செய்யப்பெற்று 1989-இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 28 முதல் 31 டிகிரி வரை மாறாத வெப்பத்தில் வைத்த முட்டைகள் பெண்ணையே தந்தன, 32.5 டிகிரியில் ஆண் மட்டுமே. 33-இல் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றரை டிகிரி வேறுபாட்டில் ஒரு பொரிப்பகம் முழுவதும் ஒரே பாலாக மாறிவிடும். இரண்டு நிலையிலும் பொரிப்பு வீதம் நன்றாகவே இருக்கும். அறிக்கையும் அழகாகவே அமையும்.

பங்குனி ஆமையில் திசை மாறுகிறது. சுமார் 29 முதல் 30 டிகிரிக்குள் ஆணும் பெண்ணும் சமமாக வரும். அதற்கு மேல் சூடேறினால் பெண், குறைந்தால் ஆண். சென்னைக் கடற்கரையில் 1970-களிலிருந்து தன்னார்வலரும் பின்னர் அரசுத் துறையினரும் நாய்களிடமிருந்தும் முட்டை திருடுவோரிடமிருந்தும் காக்க முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகங்களில் புதைத்து வந்துள்ளனர். போற்றத்தக்க பணி. ஆனால் தாய் ஆமை தோண்டும் குழி ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். மனிதர் தோண்டும் குழி அதனினும் ஆழம் குறைந்தால் மணல் அதிகம் சூடாகும். நிழலுக்கென்று தென்னங்கீற்றுக் கூரை வேய்ந்தால் குளிரும். நூறு முட்டைகளுக்கு மேல் கிடக்கும் குழியின் நடுவே கருக்களின் சொந்தச் சூடும் சேர்கிறது. தை மாதத்தில் புதைத்த முட்டைக்கும் பங்குனியில் புதைத்த முட்டைக்கும் கிடைக்கும் வெப்பம் ஒன்றாகாது. கூரை வேய்வதா வேண்டாவா எனும் சிறு முடிவு, ஒரு பருவத்துக் குஞ்சுகளின் பால் விகிதத்தையே முடிவு செய்துவிடக் கூடும். குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது என்பதால் தவறு அன்றைக்குத் தெரிவதுமில்லை. அவை வளர்ந்து கரைக்குத் திரும்ப ஆண்டுகள் பல ஆகும்.

இது வெறும் ஐயமன்று. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்த அறிவியலார், இளம் ஆமைகளில் நூற்றுக்கு 99 பெண் என்று 2018-இல் அறிவித்தனர். அங்குப் பொரிப்பகம் இல்லை. கடற்கரை மணலே சூடேறிவிட்டது. உலக வெப்பம் உயரும் காலத்தில், இயற்கைக் கூடுகளுக்கே இந்நிலை எனில், பொரிப்பகத்தில் கண்மூடித்தனமாகக் கூரை வேய்வதும் பிரிப்பதும் எவ்வாறு தகும்?

செய்யத்தக்கது பெருஞ்செலவு பிடிப்பதன்று. முட்டைகள் இட்ட இடத்திலேயே பாதுகாப்பாக இருக்குமாயின் எடுக்காமல் விடுவதே முதல் வழி. எடுக்க நேர்ந்தால், இயற்கைக் கூட்டின் ஆழத்தையும் வடிவையும் அளந்து அவ்வாறே குழி அமைக்க வேண்டும். பொரிப்பகத்தில் சில குழிகளிலாவது நடுவே வெப்பமானி வைத்து, அடைகாலத்தின் நடுப்பகுதியில் தவறாது நாள்தோறும் குறித்துவர வேண்டும். பொரிக்காத முட்டைகளை வெறுமனே தூக்கியெறியாமல் உடைத்துப் பார்த்து, கரு எந்நிலையில் மடிந்தது என்று பதிவு செய்ய வேண்டும்; தொடக்கத்தில் மடிந்திருந்தால் பெரும்பாலும் கையாண்டதில் பிழை, இறுதியில் மடிந்திருந்தால் வெப்பத்திலோ ஈரத்திலோ பிழை. ஆண்டறிக்கையில் அடைவைத்தவை, பொரித்தவை எனும் இரண்டு கட்டங்களுக்கு அருகே, நடு மூன்றாம் பகுதியின் சராசரி வெப்பநிலை எனும் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்ப்பதற்கு ஒரு கோடு கிழித்தால் போதும்.