சுருட்டைக்கு மருந்து கடையில் இல்லை, விதையில் இருக்கிறது!

(தக்காளி விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், ராயக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பக்கம் கம்பெனிக்காக நிலத்தைக் கேட்கிறார்கள். மிச்சமிருக்கிற அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் கடன் வாங்கித் தக்காளி நடுகிறோம். நட்ட கொஞ்ச நாளில் கொழுந்து சுருண்டு, செடி குட்டையாகி நின்னுட்டா, அதுல காய் எங்கே பார்ப்பது? உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பணம் போகுது, சுருட்டை போகல.

ஏன்? சுருட்டை என்பது வைரஸ் நோய். வெள்ளை ஈ அதைச் சுமந்து வருகிறது. மருந்து ஈயைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வெள்ளை ஈக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டும் கிடையாது! தென்னிந்தியத் தக்காளியைச் சுருட்டும் வைரஸ்களில் ஒன்றுக்குப் பெங்களூர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எதிர்க்கும் சக்தி செடிக்குள்ளேதான் இருக்கிறது. செடியின் எல்லா ஜீன்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. ஊரில் நூறு வீடு இருந்தாலும், நடு ராத்திரியில் விளக்கு எரியும் வீட்டில்தானே ஆள் முழிச்சிருக்கு? அப்படி எந்த ஜீன் எப்போது முழித்து வேலை செய்கிறது என்பதையே 'ஜீன் வெளிப்பாடு' என்கிறார்கள். நோய் தாங்கும் செடி, தாங்காத செடி இரண்டிலும் வைரஸைச் சுமக்கும் ஈக்களை விட்டு, சில நாள் இடைவெளியில் இலையைக் கிள்ளி, எந்த ஜீனின் வேலை கூடியது, எது குறைந்தது என்று விஞ்ஞானிகள் ஒப்பிடுகிறார்கள்.

பெரு, சிலி நாடுகளின் காட்டுத் தக்காளியிலிருந்து 'டிஒய்-1' என்ற ஜீனை இனக்கலப்பு மூலம் நம் தக்காளிக்குக் கொண்டுவந்தார்கள். அது எந்த ஜீன் என்று 2013இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதன் வேலை 2014இல் தெரிந்தது. வைரஸின் சின்னச் சின்ன ஆர்என்ஏ துண்டுகள் அந்தச் செடியில் பெருகுகின்றன. அவற்றை அடையாளமாக வைத்து, செடி வைரஸின் ஜீன்களுக்குப் பூட்டுப் போடுகிறது. வைரஸ் உள்ளே இருந்தாலும் முன்போலப் பெருக முடியாது. ஆனால் வெள்ளரி மொசைக் வைரஸும் சேர்ந்து தாக்கினால் அந்தப் பூட்டு தளர்ந்துவிடும் என்றும் அப்போதே தெரிந்தது. ஆகவே 'எந்த வைரஸும் வராது' என்று யாராவது விதை விற்றால் நம்பாதீர்கள். 'எந்த வைரஸுக்கு?' என்று கேளுங்கள்!

பொதுப் பணத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் சங்கராந்தி, நந்தி, வைபவ் என்று சுருட்டை தாங்கும் ரகங்களைத் தந்தது. இவற்றில் நாமே விதை எடுக்கலாம். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா ரக்ஷக்' என்ற வீரிய ஒட்டு ரகத்தைத் தந்தது. சுருட்டை, வாடல், இலைக்கருகல் மூன்றையும் அது தாங்கும். ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் பிறந்த விதை நம் வயலுக்கு வந்து சேர வேண்டாமா?

எனவே கோருகிறோம்:

1. எதிர்ப்பு ரகங்களைப் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் நம் வயல்களிலும் பருவந்தோறும் நட்டுப் பார்த்து, முடிவைத் தமிழில் அறிவிக்க வேண்டும்.

2. எந்த வைரஸைத் தாங்கும், எங்கே சோதித்தது என்பதை விதைப்பையில் அச்சிட வேண்டும்.

3. ஈ புகாத வலைக்குடிலில் வளர்த்த குழித்தட்டு நாற்றை மானிய விலையில் தர வேண்டும்.

4. பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையை 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தருகிறது. அந்த மனுவை எழுத வேளாண் துறை உதவ வேண்டும்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். பில் இல்லாமல் விதையோ நாற்றோ வாங்க வேண்டாம். விதைப்பையை அறுவடை முடியும்வரை தூக்கிப் போட வேண்டாம். அந்தக் காகிதம்தான் நம் சாட்சி!

பொதுப் பணத்தில் வந்த அறிவு விவசாயிக்கே சேரட்டும்! ஒன்றுபடுவோம்! உரிமையைக் கேட்டு வாங்குவோம்!