இது வேறெங்கே இருக்கிறது?

(ஆரணியில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் ஊரில் தறியின் ஜக்கார்டு அட்டை கிழிந்தால் நெசவாளர் கலங்குவதில்லை. வரைபடத்தாளில் டிசைன் பத்திரமாக இருந்தால், புதிதாக அட்டை அடித்துக்கொள்ளலாம். நம் வினாத்தாள்களுக்கு அப்படி ஒரு தாள் உண்டா?

பத்தாண்டுப் பள்ளிப் படங்கள் இருந்த என் ஹார்டு டிஸ்க்கிலேயே கணினிக்கும் காப்புப் பிரதி எடுக்க அமர்ந்தேன். ஒரு மென்பொருள், "ஃபார்மேட் செய்யலாமா?" என்று கேட்டது. ‘சரி’ என்று அழுத்தியிருந்தால் படங்கள் அத்தனையும் போயிருக்கும். நிறுத்திவிட்டேன்.

விண்டோஸ் 10-இல் உள்ள ‘ஃபைல் ஹிஸ்டரி’ டிஸ்க்கின் பழைய கோப்புகளைத் தொடுவதில்லை. தனி ஃபோல்டர் போட்டு, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப்பில் மாறியவற்றை மணிக்கொரு முறை சேமிக்கிறது. டிஸ்க் இணைந்திருந்தால் போதும்.

பிறகுதான் உறைத்தது. கணினிக் கோப்புகளுக்கு இப்போது இரண்டு பிரதி. டிஸ்க்கில் மட்டுமே உள்ள ஆண்டுவிழாப் படங்களுக்கோ ஒன்றுதான்! டிஸ்க் கைதவறி விழுந்தால்? அவற்றைப் பென் டிரைவில் நகலெடுத்துப் பள்ளி பீரோவில் வைத்தேன். டிஸ்க் வீட்டில் இருக்கிறது.

இன்றே உங்கள் டிஸ்க்கைத் திறந்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்த்து, "இது வேறெங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லாததை முதலில் நகலெடுங்கள்.