அளந்தறிந்து வாங்குதல்

நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை எவரும் நம்புவதில்லை. ஆயினும், வீட்டில் இணையம் மந்தமாக ஓடுகின்றதென்று கண்டவுடன், காரணத்தை ஆராயாது புதிய மொடெம் ஒன்றை விலைகொடுத்து வாங்குவோர் பலர் உளர். அளவை முன்னும் செலவு பின்னும் வருதலே முறையாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகப் பல இல்லங்களுக்கு இணையம் கேபிள் தொலைக்காட்சிக்கென இடப்பட்ட கம்பி வழியாகவே வருகின்றது. வானொலி நிலையங்கள் தத்தமக்குரிய அலைவரிசைகளில் ஒலிபரப்புவதுபோல, அக்கம்பியினுள்ளும் பல அலைவரிசைகள் செல்கின்றன. அவற்றை வாங்கிக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தருவதே மொடெத்தின் பணி. இதற்கான பொது விதிகள் டொக்சிஸ் எனப்படும். அவற்றுள் முதலாவது 1997 இல் வெளிவந்தது. 2006 இல் வந்த 3.0 பதிப்பு, பல அலைவரிசைகளை ஒருங்கே பிணைத்துப் பயன்படுத்த வழி செய்தது. அங்கு ஓர் அலைவரிசை செக்கனுக்கு ஏறத்தாழ 38 மெகாபிற்றுத் தரும். ஆகவே எட்டு அலைவரிசைகளைப் பிணைக்கும் மொடெம் 300 மெகாபிற்று அளவிலே நின்றுவிடும். 2013 இல் வந்த 3.1 பதிப்போ அதனினும் பன்மடங்கு கொள்ளளவு உடையது.

அங்குள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். 300 மெகாபிற்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகின்றார்கள். தாய் வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கின்றாள். மகன் இணைய வழியே பாடங் கேட்கின்றான். சோதித்துப் பார்த்தால் 94 மெகாபிற்றே காட்டுகின்றது. பழைய மொடெத்தை நீக்கிப் புதியதை வாங்கிப் பொருத்துகின்றார்கள். மீண்டும் அதே 94!

குற்றம் மொடெத்தில் இல்லை. 94, 95 என்று எண் அசையாது நிற்குமாயின், இடையிலே 100 மெகாபிற்றுக்கு மேற் செல்லாத பகுதி ஒன்று உளதென்பதே பொருள். பழுதுற்ற இணைப்புக் கம்பியோ, கணினியின் பழைய இணைப்பு வாயோ அதுவாயிருக்கலாம். சிறு தொகையில் தீர வேண்டிய குறைக்கு இக்குடும்பம் பெருந்தொகை செலவிட்டுவிட்டது.

எனவே அளக்கும் முறையை அறிதல் வேண்டும். முதலாவது, வைஃபை வழியாக அளத்தல் கூடாது; சுவரும் தூரமும் அதனைக் குறைத்துக் காட்டும். கணினியை நல்ல கம்பியினால் மொடெத்துடன் நேரே இணைத்தல் வேண்டும். இரண்டாவது, வீட்டிலுள்ள ஏனைய கருவிகளை அவ்வேளை நிறுத்தி வைத்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு முறை அளப்பது போதாது. கேபிள் இணைப்பு அயல் வீடுகளுடன் பகிரப்படுவது. இரவு எட்டு மணிக்கு நெரிசல் மிகும். ஆதலின் காலை, மதியம், இரவு என மூவேளையும் சில நாட்கள் அளந்து குறித்து வைத்தல் நன்று. நான்காவது, நிறுவனத்தின் சொந்தச் சோதனை நிலையத்தோடு அமையாது, வெளியேயுள்ள நிலையங்களையும் கொண்டு அளத்தல் வேண்டும். பதிவிறக்கத்தோடு பதிவேற்றத்தையும் நோக்குக. முகம் பார்த்துப் பேசுவோருக்கு அது இன்றியமையாதது.

அலகிலும் விழிப்பு வேண்டும். எட்டுப் பிற்றுச் சேர்ந்ததே ஒரு பைற்று. 300 மெகாபிற்று இணைப்பில் கோப்பொன்று செக்கனுக்கு 37 மெகாபைற்று வீதம் இறங்குமாயின், அங்கே குறை யாதுமில்லை.

இவ்வாறு அளந்து, மொடெமே தடையென உறுதியானால் மாற்றுக. அப்பொழுதும் நிறுவனம் ஏற்கும் மொடெங்களின் பட்டியலை முதலிற் பார்த்தல் வேண்டும். வாங்கியபின் அதன் அடையாள எண்ணை நிறுவனத்திடம் பதிந்தாலன்றி அது இயங்காது. சொந்த மொடெம் உடையோரிடம் வாடகை அறவிடலாகாதென 2019 இல் அங்கே சட்டமும் இயற்றப்பட்டது. ஆதலின் வாடகை மீதமாவது ஒரு நன்மையே. ஆனால், மொடெம் இயங்கத் தொடங்கும்போது வேக எல்லையைக் குறிக்கும் கட்டளையை நிறுவனத்திடமிருந்தே பெறுகின்றது. கட்டணத்துக்குரிய எல்லையை எத்துணை உயர்ந்த மொடெமும் தாண்டாது.

மூன்று நாள் குறிப்பெழுதிய ஒரு தாள் கையிலிருந்தால், நிறுவனத்திடம் முறையிடும்போதும் சொல்லுக்கு வலிமை உண்டு. கடையிற் பணப்பையைத் திறக்குமுன்னரும் தெளிவு உண்டு.